மாவா, முழுசா? சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் தாவர உணவும்

தாவர உணவு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பகுதி தாவரங்களிலிருந்துதான் வருகிறது. அரிசி, கோதுமை, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, பழங்கள், கரும்புச் சர்க்கரை எல்லாமே செடி கொடுத்தவை. இறைச்சியிலும் மீனிலும் முட்டையிலும் மாவுச்சத்து இல்லையென்றே சொல்லிவிடலாம். விலங்கு உணவுகளில் பால் மட்டும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைக் கொண்டுவருகிறது.

ஆனால் அந்த ஏற்றத்துக்குத் தடை போடும் பொருள்களும் அதே செடிகளில்தான் இருக்கின்றன. தண்ணீரில் கூழாகும் நார்கள், செரிமான நொதிகளை மடக்கும் சேர்மங்கள், எந்த நொதிக்கும் மசியாத மாவுச்சத்து எல்லாம் அங்கே உண்டு. ஆகவே தாவர உணவு சர்க்கரைக்கு நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. எந்தப் பொருள், எந்த நிலையில், எதனோடு சேர்ந்து உள்ளே போகிறது என்று கேட்க வேண்டும். இந்த மூன்றில் நடுவில் இருப்பதற்கு, அதாவது எந்த நிலையில் என்பதற்கு, நான் அதிக எடை கொடுப்பேன். முழுசாகவா, உடைத்தா, நைசாக அரைத்தா, சாறெடுத்தா, தூளாகப் பிரித்தெடுத்தா? பொட்டலத்தின் பின்னால் அச்சிட்ட சத்து அட்டவணையில் இந்த வித்தியாசம் தெரியாது. குடலுக்கு அதுதான் முதலில் தெரியும்.

ஒரு டீஸ்பூன் கணக்கு

ஒரு பெரியவரின் உடலில் ஓடும் ரத்தம் முழுவதையும் கணக்கில் எடுத்தாலும், வெறும் வயிற்றில் அதில் இருக்கும் குளுக்கோஸ் 4 அல்லது 5 கிராம்தான். ஒரு டீஸ்பூன் அளவு. ஒரு வேளைச் சாப்பாட்டிலோ 60, 70 கிராம் மாவுச்சத்து சாதாரணமாக இருக்கும். கையிருப்பைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு குளுக்கோஸ் இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்து சேர வேண்டும். ஆனாலும் ரத்தத்தில் அதன் அளவு இரட்டிப்பாகக்கூட ஆகக் கூடாது. உடல் இதை வேகத்தை வைத்துச் சமாளிக்கிறது. குடலிலிருந்து உள்ளே வரும் வேகத்துக்குத் தசையும் கல்லீரலும் எடுத்து வைக்கும் வேகம் ஈடுகொடுத்தால் சரி. இன்சுலின் போதாமலோ, இருந்தும் அது சரியாக வேலை செய்யாமலோ போனால் இந்த இரண்டாவது வேகம் குறைந்துவிடும். அப்போது முதல் வேகத்தைக் குறைப்பதன் மதிப்பு பல மடங்கு கூடுகிறது.

மாவுச்சத்தை வெட்டும் வேலை வாயிலேயே தொடங்குகிறது. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி கொஞ்சம் வெட்டிப் பார்க்கும். இரைப்பையின் அமிலம் பட்டதும் அது பெரும்பாலும் ஓய்ந்துவிடும். இரைப்பை உணவைக் கலக்கிக் கூழாக்கி, ஏரி மதகைப்போல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குத் திறந்துவிடுகிறது. சிறுகுடலில் கணையத்திலிருந்து வரும் அமைலேஸ் பெரிய சங்கிலிகளைச் சின்னத் துண்டுகளாக்கும். குடல் சுவரில் பதிந்திருக்கும் மால்டேஸ், சுக்ரேஸ் போன்ற நொதிகள் கடைசி வெட்டுப் போட்டுத் தனிக் குளுக்கோஸாக்கும். எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் அதைக் குடல் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். இதற்கிடையில் குடலிலிருந்து ஜிஐபி, ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன்கள் கிளம்பிப் போய், சர்க்கரை வரப்போகிறது என்று கணையத்தை முன்கூட்டியே உசுப்பிவிடும்.

இரைப்பை திறந்துவிடும் வேகம், அமைலேஸுக்கு மாவுச்சத்து எட்டுகிறதா என்பது, கடைசி வெட்டு, உறிஞ்சல் என்று இந்தப் பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஒரு தாவரப் பொருள் குறுக்கிட முடியும். குறுக்கிடவும் செய்கிறது.

அளவுகோலையும் சொல்லிவிடலாம். வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இயல்பு. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140-க்குக் கீழே இருக்க வேண்டும். 140 முதல் 199 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 200-ஐத் தொட்டால் நீரிழிவு.

நெளிந்த பட்டாணியின் கதை

மாவுச்சத்து என்று ஒரே பேரில் சொன்னாலும் அதில் இரண்டு விதச் சங்கிலிகள் உண்டு. அமைலோஸ் பெரும்பாலும் நேர்ச் சங்கிலி; நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்தது. நொதி ஒரே நேரத்தில் பல முனைகளில் கைவைக்கலாம். வழக்கமான தானியங்களில் அமைலோஸ் கால்வாசி அளவுக்கு இருக்கும். ஒட்டும் தன்மையுள்ள அரிசி வகைகளில் அது இல்லையென்றே சொல்லலாம். அவை சர்க்கரையை விறுவிறுவென ஏற்றுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உதிரி உதிரியாக வேகும் அரிசிகளில் அமைலோஸ் கூடுதலாக இருக்கும். ஏற்றமும் சற்று மெதுவாகும். சோறு இலையில் விழும்போதே கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இது.

கிரெகோர் மெண்டல் 19-ஆம் நூற்றாண்டில் மரபியலுக்கு அடித்தளம் போட்ட சோதனைகளில் உருண்டைப் பட்டாணியையும் நெளிந்த பட்டாணியையும் கலந்தார் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அது ஏன் நெளிந்தது என்பது 1990-ல்தான் தெரிந்தது. மாவுச்சத்துச் சங்கிலியில் கிளை உண்டாக்கும் நொதிக்கான மரபணு அதில் பழுதாகியிருந்தது. கிளைகள் குறைந்ததால் அமைலோஸ் பங்கு கூடிவிட்டது. கூடவே சர்க்கரையும் நீரும் விதையில் அதிகமாகச் சேர்ந்து, காயும்போது சுருங்கி நெளிந்தது. பிரிட்டன் ஆய்வாளர்கள் 2020-ல் இந்த நெளிந்த பட்டாணியை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரணப் பட்டாணியைவிட இது சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரையை மெதுவாக ஏற்றியது. மெண்டல் தோட்டத்தில் பார்த்த அதே குணம், குடலில் வேறு உருவில் தெரிந்தது.

சமைப்பதும் கணக்கில் சேரும். பச்சை மாவுச்சத்து இறுக்கமான மணிகளாக இருக்கிறது. அமைலேஸ் அதை மெதுவாகத்தான் அரிக்கும். தண்ணீரோடு 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்போது மணிகள் ஊதி உடைந்து, சங்கிலிகள் அவிழ்ந்துவிடும். அப்புறம் நொதிக்குக் கொண்டாட்டம்தான். வெந்ததை ஆறவிட்டால் அவிழ்ந்த சங்கிலிகளில் ஒரு பகுதி மறுபடி ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு, நொதிக்கு மசியாத படிகமாகிவிடும். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் இந்த வகைக்கு எதிர்ப்பு மாவுச்சத்து என்று பெயர். 1980-களில் ஹான்ஸ் எங்லிஸ்ட் முதலிய ஆய்வாளர்கள் இதைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள்.

ஆறிய சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்ற பரபரப்புச் செய்தி இங்கிருந்துதான் கிளம்பியது. எண்களைப் பார்த்தால் ஆர்வம் சற்று அடங்கும். இந்தோனேசியாவில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், அப்போதுதான் வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் எதிர்ப்பு மாவுச்சத்து இருந்தது. 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துத் திரும்பச் சூடாக்கியபோது அது 1.65 கிராம் ஆனது. அந்த 100 கிராம் சோற்றில் மொத்த மாவுச்சத்து சுமார் 28 கிராம். அதாவது ஒரு கிராம் கழிந்தது. மிச்சம் அப்படியே இருக்கிறது. சாப்பிட்டவர்களின் சர்க்கரை ஏற்றமும் அந்த ஆய்வில் குறைந்தது உண்மைதான். செரிக்காமல் போகும் பகுதியோடு, மெதுவாகச் செரிக்கும் பகுதியும் கூடியிருக்கலாம். நல்லது. ஆனால் இதை நம்பி இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும். வடித்த சோற்றை வெளியில் நெடுநேரம் வைத்தால் பாசில்லஸ் சீரியஸ் பாக்டீரியா பெருகும் அபாயமும் உண்டு. ஆறவைப்பதென்றால் சீக்கிரமாகக் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும்.

பச்சை வாழைப்பழத்தில் இதே எதிர்ப்பு மாவுச்சத்து நிறைய இருக்கிறது. பழுக்கப் பழுக்க அது இனிப்பாக மாறிவிடும்.

செல் சுவர் நிற்கிறதா, உடைந்ததா

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதிகம் பேசப்படாததும் இதுதான்.

தாவரத்தில் மாவுச்சத்து சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதத்தோடு சேர்த்து அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. செல்லைச் சுற்றிச் செல்லுலோஸும் பெக்டினும் கலந்த சுவர். மனித நொதிகளில் எதற்கும் அந்தச் சுவரை உடைக்கும் திறன் கிடையாது. அவரை, கொண்டைக்கடலை, பருப்பு வகைகளை வேகவைத்தால் செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து மெத்தென்று ஆகும். ஆனால் பெரும்பாலும் சுவர் கிழிவதில்லை. மெல்லும்போதும் செல்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிகின்றனவே தவிர, உள்ளிருப்பது அத்தனையும் கொட்டிவிடுவதில்லை. மாவுச்சத்து வெந்திருந்தாலும் அமைலேஸ் சுவருக்கு வெளியே நின்று, மெல்லக் கசிந்து உள்ளே போக வேண்டியிருக்கிறது. பயறு வகைகள் ஏன் சர்க்கரையை இவ்வளவு மெதுவாக ஏற்றுகின்றன என்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அதே பயறைக் காயவைத்து நைசாக அரைத்து, பிறகு சமைத்தால் சுவர்கள் உடைந்துவிடுகின்றன. பயறு மாவும் முழுப் பயறும் சத்து அட்டவணையில் ஒன்று. குடலில் இரண்டும் வேறு. பிரிட்டனில் சில ஆய்வாளர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். செல் சுவர் உடையாமல் கொண்டைக்கடலையைத் தூளாக்கி, கோதுமை மாவுக்குப் பதிலாக ஒரு பங்கு சேர்த்து ரொட்டி சுட்டார்கள். சாதாரண வெள்ளை ரொட்டியைவிட அது சர்க்கரையைத் தெளிவாகக் குறைவாக ஏற்றியது.

அரிசியிலும் இதே பாடம். ஆஸ்திரேலியாவில் கெரின் ஓடியாவும் உடன் ஆய்வாளர்களும் 1980-ல் வெளியிட்ட சோதனையில் வெள்ளை அரிசி, தீட்டாத அரிசி இரண்டையும் முழுசாகவும் அரைத்தும் கொடுத்தார்கள். அரைத்ததும் இரண்டிலும் சர்க்கரையும் இன்சுலினும் கூடுதலாக ஏறின. தவிடு இருக்கிறதா என்பதைவிட மணி முழுசாக இருக்கிறதா என்பது பெரிய வேலை செய்தது.

இதனால்தான் முழுக்கோதுமை ரொட்டி பலரை ஏமாற்றுகிறது. குளுக்கோஸை 100 என்று வைத்து, உணவுகள் சர்க்கரையை ஏற்றுவதை அதோடு ஒப்பிட்டு எண்ணாகச் சொல்வது கிளைசெமிக் குறியீடு. 2008-ல் வெளியான பன்னாட்டு அட்டவணையில் வெள்ளை ரொட்டி சுமார் 75, முழுக்கோதுமை ரொட்டி சுமார் 74. நைசாக அரைத்த பிறகு தவிடு உள்ளே இருந்தாலும் மாவுச்சத்துக்குக் காவல் இல்லை. அதே அட்டவணையில் தட்டையாக உருட்டிய ஓட்ஸ் கஞ்சி 55, உடனடி ஓட்ஸ் கஞ்சி 79. தானியம் ஒன்றுதான், பின்னது மெல்லியதாகத் தட்டி முன்கூட்டியே வேகவைத்தது. இதற்காக முழுக்கோதுமையை ஒதுக்க வேண்டாம். முழுத் தானியம் அதிகம் சாப்பிடுவோருக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைவாக வருவதை நீண்டகாலக் கண்காணிப்பு ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. ஆனால் அந்த வேளையின் சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்க அதை மட்டும் நம்பினால் போதாது.

பழத்துக்கும் இது பொருந்தும். 1977-ல் லான்செட் இதழில் வந்த ஒரு சின்னச் சோதனையில் ஆப்பிளை முழுசாகவும், கூழாகவும், சாறாகவும் கொடுத்தார்கள். மூன்றிலும் சர்க்கரை அளவு ஒன்றே. சாற்றைக் குடிக்கும் வேகம் முழுப் பழத்தைத் தின்னும் வேகத்தைப்போல் 11 மடங்கு. சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, பிறகு ரத்தச் சர்க்கரை தொடங்கிய அளவுக்கும் கீழே சரிந்தது. வயிறு நிறைந்த உணர்வும் குறைவு. சாறும் பழமும் ஒன்றுதானே என்று சொல்பவர்களுக்கு இந்தப் பழைய சோதனை இன்றும் நல்ல பதில்.

கூழாகும் நார்

நார்ச்சத்து சர்க்கரையைக் குறைக்கும் என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். எல்லா நாரும் அப்படிச் செய்வதில்லை. தண்ணீரில் கரைந்து கெட்டியாகும் நார்தான் அந்த வேளையிலேயே பலன் காட்டும். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கார் கோந்து, ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா-குளுக்கன், இசப்கோல், வெந்தயத்தின் வழுவழுப்பு, பழங்களின் பெக்டின் ஆகியவை இந்தக் குடும்பம். இவை குடலில் உள்ளதைப் பிசுபிசுப்பாக்குவதால் நொதி மாவுச்சத்தைச் சந்திப்பதும், குளுக்கோஸ் குடல் சுவரை எட்டுவதும் தாமதமாகின்றன.

பிசுபிசுப்புதான் காரணம் என்பதை ஊட்டச்சத்து ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸின் குழு 1978-லேயே காட்டிவிட்டது. பல நார்களைக் குளுக்கோஸ் கரைசலில் கலந்து கொடுத்துப் பார்த்ததில் கார் கோந்து முன்னால் நின்றது. அதே கோந்தை உடைத்து, கெட்டியாகும் தன்மையைப் போக்கிவிட்டுக் கொடுத்தபோது பலனும் போய்விட்டது. இந்த ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் பல முடிவுகள் சுலபமாகும். நார்ச்சத்து சேர்த்தது என்று விற்கும் பானம் தண்ணீர்போல ஓடுகிறதென்றால், அதிலிருக்கும் நார் வேறு நன்மை செய்யலாம்; சர்க்கரை ஏற்றத்தைப் பிடித்து நிறுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோதுமைத் தவிடுபோல் கரையாத நாரும் அப்படித்தான். மலச்சிக்கலுக்கு நல்லது, அந்த வேளைச் சர்க்கரைக்குச் சுமார்.

அளவும் முக்கியம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் பீட்டா-குளுக்கனுக்கான கூற்றை ஏற்றபோது, உணவில் செரிக்கக்கூடிய ஒவ்வொரு 30 கிராம் கார்போஹைட்ரேட்டுக்கும் (மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்தது) 4 கிராம் பீட்டா-குளுக்கன் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஓட்ஸ் மணியில் அது பொதுவாக நூற்றுக்கு 4, 5 பங்குதான். பிஸ்கட்டில் ஒரு சிட்டிகை ஓட்ஸ் தூவியிருப்பதற்கும் இந்த அளவுக்கும் வெகுதூரம்.

தாவரப் பொருள் என்ற முத்திரையோடு

இப்போது பொட்டலங்களில் வரும் தாவர உணவுகளின் பட்டியலில் அடிக்கடி கண்ணில் படுபவை மால்டோடெக்ஸ்ட்ரின், மரவள்ளி மாவு, அரிசி மாவு, உருளைக்கிழங்கு மாவு, ஓட்ஸ் பானம். எல்லாம் தாவரம். எல்லாம் செல் சுவரைவிட்டு வெளியே எடுத்தவை. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது நொதியாலோ அமிலத்தாலோ பாதி வெட்டிவைத்த மாவுச்சத்து. அதிகம் இனிக்காது, சர்க்கரை என்ற வரியில் பெரிதாகக் கணக்கில் வராது; ஆனால் குளுக்கோஸைப்போலவே வேகமாக ஏற்றும். பின்பக்க அட்டவணையில் மொத்தக் கார்போஹைட்ரேட் வரியைப் பார்த்தால்தான் அகப்படும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான ரொட்டிகளில் அரிசி, மரவள்ளி மாவுகளே அதிகம். அவை சர்க்கரைக்கு ஏற்றவை என்று தானாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

ஓட்ஸ் பானத்தில் நடப்பது சுவாரசியமானது. ஓட்ஸைத் தண்ணீரில் அரைத்தால் கூழாகி நிற்கும், பால்போல ஓடாது. அதனால் தயாரிக்கும்போதே அமைலேஸ் சேர்த்து மாவுச்சத்தை வெட்டிவிடுகிறார்கள். விளைவாக மால்டோஸ் உருவாகி, சர்க்கரை போடாமலே இனிக்கிறது. மால்டோஸின் கிளைசெமிக் குறியீடு குளுக்கோஸுக்குக் குறைந்ததல்ல. வயிற்றில் நடக்க வேண்டிய வேலையில் ஒரு பகுதி தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. அரிசிப் பானம் 2008 அட்டவணையில் 86. சோயா பால் 34. தாவரப் பால் என்று இரண்டையும் ஒரே அலமாரியில்தான் வைக்கிறார்கள்.

நேர்மாறான ஏமாற்றமும் இருக்கிறது. பழச்சர்க்கரை எனப்படும் ஃபிரக்டோஸின் குறியீடு 15-தான், ஏனென்றால் அது பெரும்பாலும் கல்லீரலுக்குள் போய்விடுகிறது. நீலக்கற்றாழைப் பாகு போன்ற ஃபிரக்டோஸ் மிகுந்த இனிப்புகள் இதைக் காட்டித்தான் விற்கப்படுகின்றன. அதிக அளவில் போனால் அதே ஃபிரக்டோஸ் கல்லீரலில் கொழுப்பாகிறது. ரத்தச் சர்க்கரைமானி அமைதியாக இருக்கிறது என்பதாலேயே எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நொதியை மடக்கும் செடிகள்

சில செடிகள் நேராக நொதியின் மேலேயே கைவைக்கின்றன. முசுக்கொட்டை இலையில் டிஎன்ஜே என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சேர்மம் இருக்கிறது. உருவத்தில் குளுக்கோஸை ஒத்திருப்பதால் குடல் சுவரின் நொதியில் போய் உட்கார்ந்துகொண்டு கடைசி வெட்டைத் தடுக்கும். மிக்லிட்டால் என்ற நீரிழிவு மருந்து இதன் வழியில் வந்தது. அவரை வகைகளில் அமைலேஸைத் தடுக்கும் புரதம் உண்டு. ஆனால் நன்றாக வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். அதற்காக அவரையைப் பச்சையாகத் தின்ன முடியாது, அதிலுள்ள லெக்டின் நஞ்சு வாந்தி பேதியைக் கொண்டுவரும்.

எல்லாவற்றையும்விட வினோதமான வரலாறு ஆப்பிள் மரப் பட்டையுடையது. 1835-ல் அதிலிருந்து ஃபுளோரிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை கொட்டுகிறது என்பது 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. குளுக்கோஸைச் சுமக்கும் எஸ்ஜிஎல்டி புரதங்களை அது அடைக்கிறது: குடலில் ஒன்றை, சிறுநீரகத்தில் இன்னொன்றை. ஆனால் குடலிலேயே சிதைந்துவிடும், வயிற்றுப்போக்கும் தரும் என்பதால் மருந்தாக உதவவில்லை. வேதியியலாளர்கள் அதன் உருவத்தை மாற்றி மாற்றி, சிறுநீரகப் புரதத்தை மட்டும் பெரும்பாலும் அடைக்கும் பொருள்களை உருவாக்கினார்கள். இன்று உலகெங்கும் எழுதிக்கொடுக்கப்படும் நீரிழிவு மருந்துகளான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை அந்த வழி வந்தவை. செடியில் சரக்கு இருப்பது ஒன்று, அதை நம்பகமான அளவில் உடலுக்குள் சேர்ப்பது இன்னொன்று என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இலவங்கப்பட்டை இதற்கு எதிர்ப்பக்கம். 2003-ல் 60 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு, நாளுக்கு 1 முதல் 6 கிராம் வரை எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகக் குறைந்ததாகச் சொன்னதும் பெரிய பரபரப்பானது. 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 577 பேர் கலந்துகொண்ட 10 சோதனைகளைச் சேர்த்து அலசி, பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. போதாததற்கு காசியா வகைப் பட்டையில் கூமரின் இருக்கிறது. தினமும் ஸ்பூன் கணக்கில் எடுத்தால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கலாம். வாசனைக்குப் போடுவதில் ஒரு கேடும் இல்லை. தேநீர், பெர்ரிப் பழங்களின் பாலிஃபினால்களும் சோதனைக் குழாயில் அமைலேஸை அழகாகத் தடுக்கின்றன. மனித வயிற்றில் பலன் சுருங்கிவிடுகிறது.

கூட்டாளியும் வரிசையும்

மாவுச்சத்து தனியாகப் போவதற்கும் துணையோடு போவதற்கும் வித்தியாசம் உண்டு. கொட்டைகளின் கொழுப்பும் பயறின் புரதமும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். காடியின் (வினிகர்) அசிட்டிக் அமிலமும் அப்படியே. புளிக்கவைத்த மாவில் சுட்ட ரொட்டியில் லாக்டிக் அமிலம் மாவுச்சத்து செரிக்கும் வேகத்தைக் குறைக்கிறது.

வரிசையும் பேசும். நியூயார்க்கில் 2015-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், நீரிழிவுள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். காய்கறியும் இறைச்சியும் முதலில் சாப்பிட்டு 15 நிமிடம் கழித்து ரொட்டியும் பழச்சாறும் எடுத்தபோது, ஒரு மணி நேரத்தில் சர்க்கரை சுமார் 37 சதவீதம் குறைவாக இருந்தது. 11 பேர் சின்னக் கூட்டம்தான். ஆனால் செலவோ பக்கவிளைவோ இல்லாத முயற்சி என்பதால் எனக்கு இதில் பெரிய தயக்கம் இல்லை.

பயறு வகைகளுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. காலையில் அவற்றைச் சாப்பிட்டால் மதிய உணவின் ஏற்றமும் குறைகிறது. 1982-லேயே ஜென்கின்ஸ் குழு மைசூர்ப் பருப்பை வைத்து இதைக் காட்டியது. மெதுவாகச் செரித்து முடிவது ஒரு காரணம். செரிக்காத பகுதியைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பமிலங்களாக்குவது இன்னொன்று. ரத்தத்துக்குப் போகும் இவை அடுத்த வேளையின் கையாளலுக்கு உதவுகின்றன. வாயு தொந்தரவும் அங்கிருந்துதான் வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினால் குடல் பழகிக்கொள்ளும்.

எண் யாருடையது

கிளைசெமிக் குறியீட்டையும் ஜென்கின்ஸ்தான் டொரண்டோ பல்கலைக்கழகத்திலிருந்து 1981-ல் முன்வைத்தார். செரிக்கக்கூடிய 50 கிராம் கார்போஹைட்ரேட் உள்ள உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேர ஏற்றத்தை அளந்து ஒப்பிடுவது அதன் முறை. 55-ம் அதற்குக் கீழும் குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம். ஆனால் தர்பூசணியில் 50 கிராம் வேண்டுமானால் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தின்ன வேண்டியிருக்கும். அதன் எண் 70-ஐத் தாண்டினாலும், ஒரு துண்டில் இருப்பது 6 கிராம் அளவுதான். இந்தக் கோணலைச் சரிசெய்யத்தான் அளவையும் சேர்த்துப் பெருக்கும் கிளைசெமிக் சுமை என்ற கணக்கு 1997-ல் வந்தது.

அட்டவணை எண்கள் சிலரது சராசரி என்பதையும் மறக்கக் கூடாது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 800 பேர், ஏறக்குறைய 47,000 வேளை உணவு. ஒரே உணவு ஒருவருக்கு மலையாக ஏற, இன்னொருவருக்கு மேடாகக்கூடத் தெரியவில்லை. குடல் பாக்டீரியா, தூக்கம், உடலுழைப்பு எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. ஆகவே நீரிழிவு உள்ளவர் தன் வழக்கமான உணவைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தானே அளந்து பார்ப்பது எந்த அட்டவணையையும்விட உதவும். நோயில்லாதவர்கள் கையில் கருவி ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சின்ன ஏற்றத்துக்கும் பதறுவது தேவையற்றது; சாப்பிட்டால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

மருந்து எடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்து, பயறையும் நாரையும் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்; மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். இசப்கோல் போன்ற கூழாகும் நார்கள் மாத்திரைகள் உறிஞ்சப்படுவதையும் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் இரண்டுக்கும் இடையில் சில மணி நேரம் விட வேண்டும், நிறையத் தண்ணீரும் வேண்டும். அகார்போஸ் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துவிட்டால் சாதாரணச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பது சரியாக உதவாது. அதை உடைக்கும் நொதியைத்தானே அந்த மருந்து தடுத்து வைத்திருக்கிறது. அவர்களுக்குக் கையில் இருக்க வேண்டியது குளுக்கோஸ் பொடி அல்லது குளுக்கோஸ் மாத்திரை.